'விஷவாயு தாக்கி' என்று எழுதாதீர்கள்

"விஷவாயு தாக்கி தொழிலாளர்கள் பலி." படித்துப் படித்து நமக்குப் பழகிப்போன தலைப்பு. தோழர்களே, வாயு யாரையும் தேடி வந்து தாக்குவதில்லை. அது தொட்டிக்குள்தான் கிடக்கிறது. அதற்குள் ஆளை இறக்கியவர் ஒருவர் இருக்கிறார். செய்தியில் அவரைத்தான் காணோம்.

மூடிய தொட்டியில் மலக்கழிவு அழுகும்போது கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகின்றன. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். நிறமும் மணமும் இல்லாமல் அடியில் தேங்கும். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம்தான். 4 சதவீதம் ஆனாலே உயிருக்கு ஆபத்து. 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல நாறும். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்ல, இறங்கு" என்பவர் சாவுக்குள் அனுப்புகிறார். முகத்தில் கட்டும் துண்டு எந்த வாயுவையும் தடுக்காது.

விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். 2016 ஜனவரியில் துரைப்பாக்கத்தில் ஓட்டல் கழிவுநீர்த் தொட்டியில் நான்கு பேர் செத்தார்கள். 2019 நவம்பரில் ராயப்பேட்டை வணிக வளாகத் தொட்டியில், உடன்பிறந்தவரைக் காப்பாற்றப்போன 25 வயது இளைஞர் செத்தார்.

நாவலூரின் அடுக்குமாடிகளுக்குள் பார்சல் கொண்டுவருபவர்கூடப் பெயர் பதியாமல் நுழைய முடியாது. தொட்டியில் இறங்கும் ஆளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "காண்ட்ராக்டர் கூட்டிவந்தார், எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். இந்தப் பதில் சட்டத்தில் செல்லாது. 2013ஆம் ஆண்டு கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"வாயு அளக்கும் கருவியும் முகமூடியும் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று சிலர் சொல்வார்கள். சுத்திகரிப்பு நிலையத்திலும் பம்பு அறையிலும் வேலை செய்பவருக்கு அவை கட்டாயம் வேண்டும். ஆனால் மலத்துக்குள் மனிதன் இறங்க அவை அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது. நாற்றத்தைச் சகிக்க ஒரு சாதியைப் பழக்கிய சமூகம், இப்போது முகமூடி மாட்டிப் பழக்கப் பார்க்கிறது. நம் கோரிக்கை ஒன்றே: இறங்குவது இயந்திரமாக இருக்கட்டும்.

நீங்கள் குடியிருக்கும் இடத்தில், விடுதியில், வேலை பார்க்கும் அலுவலகத்தில் கேளுங்கள்: தொட்டியை யார், எதைக்கொண்டு சுத்தம் செய்கிறார்கள்? யாராவது இறங்குவதைப் பார்த்தால் நிறுத்துங்கள். உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள், 101க்கு அழையுங்கள். மரணம் நடந்தால் முதல் தகவல் அறிக்கையை வாங்கிப் படியுங்கள். வெறும் 'கவனக்குறைவு' என்று இருந்தால் 2013 சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கும்வரை காவல் நிலையத்தை விட்டு நகராதீர்கள்.