கல்லும் கல்வியும்

தமிழிலே ‘கல்’ என்னுஞ் சொல் பாறையையுங் குறிக்கும். கற்பாயாக என ஏவவுஞ் செய்யும். இவ்விரு பொருளையும் ஒருங்கு கொள்வார் நம் மாணவருட் சிலரே. நிலநூல் பயில விரும்புவானை நோக்கி, “கல்லுடைக்கவோ போகின்றாய்?” என நகுவாரைச் செஞ்சி வட்டாரத்தில் யாம் கண்டுளோம். தமிழராகிய எம். எஸ். கிருஷ்ணன் 1951இல் இந்திய நிலநூலாய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவராய் அமர்ந்ததை அவர் அறியார் போலும்.

சீயமங்கலத்துக் குன்றைக் குடைந்து கோயில் சமைத்தவன் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு என்னும் நான்குமின்றிக் கோயிலெடுத்ததாக மண்டகப்பட்டிலுள்ள அவன் கல்வெட்டு அறிவிக்கின்றது. அவன் வேண்டாது விடுத்த சுண்ணாம்பிற்கு மூலமாகிய சுண்ணப்பாறையோ, இற்றை நாளில் உலகின் எண்ணெய்ச் செல்வத்திற் பெரும்பங்கைத் தன்னகத்தே கொண்டுளது. 1974இல் மும்பைக்கு மேற்கே கடலடியிற் கண்ட ‘பம்பாய் ஹை’ வயலும் சுண்ணப்பாறையினதே. பண்டைக் கடலுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது அப்பாறை. நீர் அதனைக் கரைத்துப் புழைகளாக்கும். பிறிதோரிடத்துப் புழைகளை அடைத்தும் விடும். ஆதலின் ஒரு கிணறு நிறைய எண்ணெய் தர, அதன் அயலிலுள்ளது வறிதே கிடத்தலுங் கூடும். எங்கே புழை, எங்கே வெடிப்பு, அவை ஒன்றோடொன்று இயைந்துளவோ என ஆராய்தலே நிலநூலறிஞன் தொழில்.

எண்ணெய் ஒருநாள் வற்றும். அதன் புகையோ வானைக் கெடுக்கின்றது. அத்தொழிலிற் புகுவானேன் எனின், விடை கூறுதும். நிலத்துள் ஆழச் செல்லுந்தோறும் வெப்பம் மிகும். பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை சென்டிகிரேடு எனலாம். இத்தாலி நாட்டு லார்தெரெல்லோவில் 1904இல் நிலத்தின் ஆவிகொண்டு முதன்முதல் மின்விளக்கு ஏற்றினர். நம் நாட்டிலும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீரூற்றுக்கள் உள. அவ்வெப்பத்தால் மின்சாரம் ஆக்கும் முயற்சிக்கு எண்ணெய் இயற்கைவாயுக் கழகம் 2021இல் உடன்படிக்கை செய்தது. எண்ணெய் தேடிய கழகமே வெப்பந் தேடப் புகுந்தது வியப்பன்று. வெந்நீரும் புழைவழியும் வெடிப்புவழியுமே இயங்குமாதலின், அதற்கு வேண்டுங் கல்வியும் அதுவேயாம். எண்ணெய் வற்றினும் கற்றது வற்றாது.

எம் வட்டாரத்துக் கருங்கற் பாறையில் உழவன் கிணற்றுக்கு நீர் வருவதும் வெடிப்பு வழியேதான். அவ்வெடிப்பைக் காட்டுவாரின்மையால், உள்ளங்கைத் தேங்காயையும் கவைக்கோலையும் நம்பி ஆழ்துளையிட்டுக் கடனில் ஆழ்வார் பலர். நிலநூலறிஞர் தொலைநாட்டுக்கு மட்டுமன்று, நம் ஊருக்கும் வேண்டப்படுவர் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

தமிழ் பயிலும் எமக்கும் இதிற் கடமையுண்டு. நாட்டுப்படம் வரையும் நூலுக்கும் பாறையை ஆராயும் நூலுக்கும் ‘புவியியல்’ என ஒரே சொல்லை வழங்கி இடர்ப்படுகின்றோம். நிலத்தை ஐந்திணையாக வகுத்த மொழிக்கு இது தகுமோ? தமிழ் மாணவர் தெளிந்த சொற்களை ஆக்கித் தருக; அறிவியல் மாணவர் இத்துறையை விரும்பி ஏற்க.

யோபுவின் புத்தகத்து 28ஆம் அதிகாரம், சுரங்கந் தோண்டுவாரின் திறத்தை விரித்தபின், ஞானம் எங்கே கிடைக்குமென வினவுகின்றது. கல்லைப் பிளந்து விற்பதனோடு அமையாது, அதனைக் கற்கவும் வேண்டுமென்பதே எம் துணிபு.