டொர்னாடோ அதிகம் வீசுவது ஓரிடம்... உயிர்ப்பலி அதிகம் வேறிடம்! அமெரிக்காவில் ஏன் இப்படி?

டொர்னாடோ என்றதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் கன்சாஸ், ஓக்லஹோமா சமவெளிதான். 'டொர்னாடோ ஆலி' என்றே அதற்குப் பெயர். காரில் புயலைத் துரத்திப் போய் எடுக்கும் வைரல் வீடியோக்களில் பாதி அந்தப் பக்கத்து வீடியோதான். ஆனால் அதிகம் பேர் சாவது அங்கே இல்லை. தென்கிழக்கில் உள்ள அலபாமா, மிசிசிப்பி, டென்னசி மாநிலங்களில்.

ஒரு சின்ன விளக்கம். கடலில் உருவாகும் புயலுக்கும் 'சூறாவளி', இதுக்கும் 'சூறாவளி'ன்னு நாமே போட்டுடறோம். ரெண்டும் வேற. கடல் புயல் வருவது சில நாள் முன்பே தெரிந்துவிடும். டொர்னாடோ இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் காற்றுச் சுழல். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இரவில் வந்தால்?

சமவெளியில் சீசன் ஏப்ரல் முதல் ஜூன் வரை. பெரும்பாலும் மாலை நேரம். மறைக்க மரமோ மலையோ இல்லாததால் தூரத்தில் வரும்போதே கண்ணுக்குத் தெரியும்.

தென்கிழக்கில் நவம்பர், டிசம்பரிலும் வரும், நள்ளிரவிலும் வரும். காடும் குன்றும் மறைக்கும். மழைக்குள் ஒளிந்தும் வரும். 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கியின் மேஃபீல்ட் நகரைச் சிதைத்த ஒரே டொர்னாடோவுக்கு 57 பேர் பலியானார்கள். இரவு டொர்னாடோ உயிரைப் பறிக்கும் வாய்ப்பு பகலைவிட 2 மடங்குக்கும் அதிகம் என்கின்றன ஆய்வுகள்.

வீடும் ஒரு காரணம். தென்கிழக்கில் பலர் வசிப்பது 'மொபைல் ஹோம்' எனும் இலகுரக வீடுகளில். கன்சாஸில் இவை ஓரிடத்தில் கூட்டமாக இருக்கும். அலபாமாவில் கிராமங்களில் சிதறிக் கிடக்கும். பாதுகாப்பான கட்டடத்துக்குப் போகவே நேரம் வேணும். ஆனால் எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே கிடைப்பது சராசரியாக 10 நிமிடம் போலத்தான்.

ரேடார் இருக்கே?

நாடு முழுக்க சுமார் 160 டாப்ளர் ரேடார்கள் இருக்கு. ஆனால் பூமி வளைவதால், 100 கி.மீ. தள்ளிப் போனாலே ரேடார் கதிர் தரைக்கு 1 கி.மீ.க்கு மேலே போய்விடும். கீழே சுழல்வது சிக்காமல் போகலாம். பறக்கும் கூரைத் தகடு, மரத்துண்டுகளை ரேடார் நன்றாகவே பிடிக்கும். ஆனா அதற்குள் எங்கேயோ அடித்து முடித்திருக்கும்.

நாஷ்வில், அட்லாண்டா பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: 'வாட்ச்' என்றால் டொர்னாடோ உருவாகும் சூழல் இருக்கு, தயாரா இருங்க என்று அர்த்தம். 'வார்னிங்' என்றால் ரேடாரிலோ கண்ணிலோ பட்டாச்சு. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்கு உடனே போயிடணும். தூங்கப் போகும்போது போனில் அவசர அலர்ட்டை மட்டும் ஆஃப் பண்ண வேண்டாம்.