கட்டிப்போட யாரைக் கேட்டீர்கள்?

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை விடிகாலையில் பற்றி எரிந்தது. 28 பேர் செத்துப்போனார்கள். ஓடியிருக்கலாம்தான், ஆனால் காலில் சங்கிலி.

தீ எப்படிப் பிடித்தது என்று நிறையப் பேசியாகிவிட்டது. எனக்குக் கேள்வி வேறு. சங்கிலி மாட்டலாம் என்று முடிவு செய்தது யார்? காப்பகம் நடத்தியவரே முடிவு செய்தார், அவரே பூட்டினார், சாவியும் அவரிடமே. இன்றைக்கும் பிரச்சினை அந்தச் சாவிதான்.

நடுவில் ஒன்றுமே மாறவில்லை என்று சொன்னால் பொய். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆம் பிரிவில் சங்கிலியை அடியோடு தடை செய்தது. 97ஆம் பிரிவு தனியறையில் அடைப்பதையும் தடுக்கிறது. உடலைக் கட்டுவது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். சிகிச்சை தரும் மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும். ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்க வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காக மட்டும் கட்டவும் கூடாது. (இந்த வரியை எழுதியவர் நம்ம ஊர் வார்டை நேரில் பார்த்திருக்க வேண்டும்!)

நல்ல சட்டம்தான். ஆனால் ஓட்டைகள் இருக்கின்றன. அனுமதி தருபவர் அதே சிகிச்சைக் குழுவின் மருத்துவர். வெளி ஆளான மறுஆய்வு வாரியத்துக்கு மாதம் ஒருமுறை கணக்குப் போகிறது, எல்லாம் முடிந்த பிறகு. அந்தப் பிரிவு பேசுவது உடலைக் கட்டுவதை. தூக்க மருந்தை ஏற்றி ஒருவரை மூலையில் சுருண்டு கிடக்க வைத்தால் அது கட்டாகத் தெரியாது. கயிறு இல்லையே!

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் மனநோய் என்பதன் வரையறை, மனவளர்ச்சிக் குறைபாட்டைச் சேர்க்கவில்லை. இரண்டும் வேறு என்பது சரிதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கும் விடுதியில் ஒரு பையனை ஜன்னல் கம்பியில் கட்டினால் 97ஆம் பிரிவு அங்கே எட்டாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, கொடுமையும் கூடாது என்கிறது. யார் கட்டலாம், எவ்வளவு நேரம், யாருக்குச் சொல்ல வேண்டும்? அதைப் பற்றி மூச்சில்லை.

இதைப் பேசினால் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "கட்டலைன்னா சுவத்துல தலையை மோதிக்குவான், அப்ப என்ன பண்ணுவ?" நியாயமான கேள்வி. முப்பது பேருக்கு இரண்டு ஆயாக்கள் இருக்கும் இடத்தில் அந்த ஆயாவைத் திட்ட எனக்கு வாய் வராது. அந்த நிமிடத்தில் கையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். அவன் ஏன் மோதுகிறான் என்று யாராவது பார்த்தார்களா? பேச முடியாதவனுக்குப் பல்வலி என்றாலும் அப்படித்தான் சொல்ல முடியும். ஒரு நிமிட அவசரம், தினசரி வழக்கமாக மாறும் இடத்தில்தான் அனுமதி என்ற ஒன்று தேவை.

ஆஸ்திரேலியாவில் 2018 விதிகள் ஐந்து வகைகளைப் பட்டியலிட்டன: அடைத்து வைப்பது, மருந்தால் அடக்குவது, பெல்ட் மாதிரி சாதனங்கள், ஆளைப் பிடித்து அமுக்குவது, கதவையோ பிரிட்ஜையோ பூட்டுவது. பிரிட்ஜைப் பூட்டினாலும் கணக்குக் கொடு! அனுமதி முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருக்கிறதே என்று அங்கே சண்டை. நமக்கு அந்தச் சண்டை போடவே இன்னும் வாய்ப்பு வரவில்லை.

புது அலுவலகம் கட்டச் சொல்லவில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழு ஒன்று ஏற்கெனவே உண்டு: கலெக்டர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி. பாதுகாவலரை நியமிப்பது அதன் வேலை. விடுதிகளில் தொடர்ந்து கட்டுவதற்கும் தொடர்ந்து மயக்க மருந்து கொடுப்பதற்கும் அந்தக் குழுவின் முன் அனுமதி வேண்டும், கட்டை எப்போது எப்படி அவிழ்ப்போம் என்ற திட்டத்தோடு வர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தலாம். அவசரத்துக்குக் கட்டினால் மறுநாளே தகவல் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழுவால் இது முடியாது என்பீர்கள். அப்படியானால் மாதாமாதம் கூடட்டும். கட்டப்பட்டவன் மூன்று மாதம் காத்திருக்கலாம், குழு ஒரு மாதம் கூடக் கூடாதா?