தனித்து நிற்கும் தாய்க்கும் ஒரு வீடு

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. கணவனை இழந்தோ, கைவிடப்பட்டோ, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய்மார்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். வாடகை வீடு கேட்டுப் போனால், 'வீட்டில் ஆண் துணை உண்டா?' என்பதே முதல் கேள்வி. அட்வான்சு பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

இவர்களுக்குச் சொந்த வீடு கிடைக்க வழியே இல்லை என்று கூற முடியாது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத, நாட்டில் எங்கும் சொந்தக் காரை வீடு இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு இதில் உதவி உண்டு. விதவைகளுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் முன்னுரிமையும் உண்டு.

ஆனால் முன்னுரிமை இருந்தால் மட்டும் போதுமா? ரேஷன் கார்டு சொந்த ஊரில் கிடக்கிறது. கணவரின் இறப்புச் சான்றிதழை எடுக்கவே இல்லை. கைவிட்டுப் போனவனுக்கோ எந்தச் சான்றிதழும் கிடையாது. விண்ணப்பம் கன்னடத்தில் இருக்கிறது. அலுவலகத்துக்கு ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. இதையெல்லாம் தாண்டினாலும், தன் பங்காகக் கட்ட வேண்டிய பணத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் சமூகத்தின் துணை தேவைப்படுகிறது. 1974-இல் அகமதாபாத்தில் காய்கறி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் என 4,000 ஏழைப் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டு 'சேவா' கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் பாஸ் புத்தகத்தில் புகைப்படம் ஒட்டப்பட்டது. சிறுகச் சேமித்த அந்தப் பெண்கள் வீடு கட்டவும் பழுது பார்க்கவும் கடன் பெற்றார்கள். வீட்டு வசதிக்கென்றே 1994-இல் தனி அறக்கட்டளையும் உருவானது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

சேமித்த பணத்தைக் காப்பதும் முக்கியம். 1982-ஆம் ஆண்டு சட்டப்படி பதிவு செய்யப்படாத சீட்டில் பணம் கட்டுவது ஆபத்து. மலிவு விலை 'ரெவின்யூ சைட்' என்று ஆசை காட்டி, பவர் பத்திரத்தைக் கையில் கொடுப்பவர்களையும் நம்பக் கூடாது. பவர் பத்திரத்தால் மட்டும் நிலம் சொந்தமாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

பல ஆண்டுகள் குடியிருந்தால் இடம் தனதாகிவிடும் என்ற எண்ணமும் தவறு. ஈஜிபுராவில் ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பின் ஒரு பகுதி 2007-இல் இடிந்து விழுந்தது. அங்கேயே தகரக் கொட்டகைகளில் காத்திருந்த குடும்பங்கள் 2013 ஜனவரியில் அப்புறப்படுத்தப்பட்டன. அவர்களில் தமிழர்கள் பலர். பதிவு செய்த பத்திரமோ, அரசு தரும் உரிமைப் பத்திரமோ கையில் இருந்தால்தான் வீடு சொந்தம்.

தமிழ் அமைப்புகள் விழா எடுப்பது நல்லதுதான். அத்துடன் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் இந்தத் தாய்மார்களுக்காக ஒதுக்க வேண்டும். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் நம்மிடையே ஏராளம். விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம். அலுவலகத்துக்கு உடன் செல்லலாம். பத்திரத்தை வக்கீலிடம் காட்டிச் சரிபார்க்கலாம். பத்துப் பெண்களைச் சேர்த்து வங்கிக் கணக்குடன் சுய உதவிக் குழு அமைத்துக் கொடுக்கலாம்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. மனம் இருந்தால் போதும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணைப் பார்த்து இரக்கப்படுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவள் பெயரில் ஒரு பத்திரம் பதிவாகும் வரை உடன் நிற்பதே உண்மையான உதவியாகும்.