காசு வாங்கினீங்க, கார்டு செல்லலியே!

பிறந்த நாளுக்கு வந்த ‘கிப்ட் கார்டு’. எண்ணைச் செல்போனில் அடித்தால் "செல்லாது" என்கிறது! கடைக்காரரோ "கம்பெனியைக் கேளுங்க" என்று கையை விரிக்கிறார்.

பூஜ்யமா, ‘ஓ’வா என்று பாருங்கள். வெளிநாட்டுக் கார்டு பெரும்பாலும் இங்கே எடுபடாது. இதெல்லாம் சரி. ஆனால் பில் போடும்போது கல்லாவிலேயே ‘ஆக்டிவேட்’ செய்யாமல் கொடுத்து விடுகிறார்களே, அதற்கு வாங்கினவர் என்ன செய்வார்? சுரண்டின கார்டை மாற்ற மாட்டோம் என்று சட்டம் வேறு! சுரண்டாமல் எண்ணை எப்படிப் பார்ப்பதாம்? காசு வாங்கிய கடைதான் பதில் சொல்ல வேண்டும்.

பல கடைகளில் செல்லும் கார்டு ஓராண்டாவது செல்லணும் என்பது ரிசர்வ் வங்கி போட்ட விதி. பில்லைத் தொலைக்காதீங்க. கடை மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. "நம்பரைச் சொல்லுங்க, சரி பண்றேன்" என்று போனில் வருகிறவனிடம் மட்டும் வாயைத் திறக்காதீங்க!