இரண்டாவது துணி

தில்லியின் அடுக்குமாடிக் காலனிகளில் கார் துடைப்பவர்கள் வந்தால்தான் பொழுது விடிந்ததாக அர்த்தம். ஒரு வாளி, தோளில் ஒரு பழைய துணி. காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முப்பது வண்டிகளை முடித்தாக வேண்டும். கணக்குப் போட்டால் வண்டிக்கு ஆறு நிமிடம். எங்கள் காலனிக்கு வருகிறவர் பீகாரில் தர்பங்காப் பக்கத்துக்காரர். வீட்டில் மைதிலி, வெளியில் இந்தி. இந்தி எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆங்கிலம் தெரியாது.

ஒரு ஜனவரி மாதம் அவர் என் வீட்டு மணியை அடித்தார். கையில் ஒரு ஸ்ப்ரே புட்டி. "சாப், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். சம்பளத்தில் இருநூறு ரூபாய் பிடிப்பேன் என்கிறார்கள்" என்றார்.

விஷயம் இதுதான். மூன்றாவது மாடிக்காரர் கறுப்பு நிறத்தில் கார் வாங்கியிருந்தார். பளபளப்பு நிலைக்க வேண்டும் என்று ஒரு புட்டி சீலன்ட் வாங்கி, "தெளித்துத் துடைத்துவிடு" என்று இவரிடம் கொடுத்திருக்கிறார். இவரும் தாராளமாகவே தெளித்து, கையிலிருந்த துணியால் துடைத்துவிட்டுப் போய்விட்டார். பத்து மணிக்குப் பனி விலகி வெயில் வந்ததும் பானெட் முழுக்கக் கோடு கோடாகப் பூச்சு. கதவுகளில், எண்ணெய் சிந்திய மழைத் தண்ணீரில் தெரிவதுபோல வானவில் திட்டுகள்.

புட்டியின் பின்புறம் எறும்பளவு ஆங்கில எழுத்தில் ஆறு வரிகள் இருந்தன. வண்டி கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். தகடு சூடாக இருக்கக்கூடாது. நிழலில் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சிறிய பகுதி மட்டும். மிகக் குறைவாகத் தெளிக்க வேண்டும். இன்னொரு உலர்ந்த துணியால் மெருகேற்ற வேண்டும். மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் இந்த ஆறு வரிகளும் "தெளித்துத் துடை" என்று சுருங்கிவிட்டன. மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிற எனக்கு இந்த மாதிரிச் சுருக்கங்களின் விலை தெரியும். பெரும்பாலும் அதைச் சுருக்கியவர் கொடுப்பதில்லை.

சீலன்ட் என்பது தண்ணீரிலோ வேறு கரைப்பானிலோ கலந்திருக்கும் பாலிமர் அல்லது சிலிகா சேர்மம். கரைப்பான் ஆவியானதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் வண்ணப்பூச்சின்மேல் தங்கும். தண்ணீரும் தூசியும் எளிதில் ஒட்டாமல் காப்பது அந்தப் படலம்தான். அதற்கு வேண்டிய அளவு மிகவும் சொற்பம். கூடுதலாகத் தெளிப்பதால் படலம் உறுதியாவதில்லை. தேவைக்குமேல் உள்ளது மேலேயே நின்று, துணி போன வழியில் வரிவரியாகக் காய்கிறது. நாம் கோடு என்று சொல்வது இந்த மிச்சத்தைத்தான்.

வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் விழத்தான் செய்கின்றன. வெள்ளை தன்மேல் படும் வெளிச்சத்தைப் பெருமளவு சிதறடித்து அனுப்புவதால் அந்தப் பிரகாசத்தில் அவை மறைந்துபோகின்றன. கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. மேற்பரப்பு கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புவது மட்டுமே கண்ணுக்கு வருகிறது. அந்தக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் தெரியும்.

அவருடைய தவறு அளவில் மட்டுமல்ல, நேரத்திலும் இருந்தது. ஆனால் அந்த நேரம் அவர் தேர்ந்தெடுத்தது அல்ல. ஜனவரியில் காலை ஐந்தரைக்குத் தில்லி இருட்டாக இருக்கும். தகட்டின்மேல் பனி ஈரம் படிந்திருக்கும். குளிரில் கரைப்பான் சீக்கிரம் ஆவியாகாது. வெளிச்சம் இல்லாததால் விடுபட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. மே மாதத்தில் சங்கடம் நேர் எதிரானது. வெயிலில் நின்ற கறுப்புத் தகட்டில் கை வைக்க முடியாது. தெளித்த துளி பரவுவதற்கு முன்பே அங்கேயே காய்ந்துவிடும். கோடையில் அதிகாலையும், குளிர்காலத்தில் பனி காய்ந்த பிறகு நிழலும் ஏற்ற நேரங்கள்.

தண்ணீரும் கவனிக்க வேண்டியது. எங்கள் காலனியின் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வட்டங்களை விட்டுச் செல்லும். அவற்றின்மேல் சீலன்ட் பூசினால் வட்டங்கள் உள்ளேயே தங்கிவிடும். கழுவிய உடனே துடைத்து உலர்த்திவிடுவதுதான் வழி. துணியும் பழைய பனியனாக இருக்கக்கூடாது. நீரை உறிஞ்சும் மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும். அவற்றைத் துவைக்கும்போது துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்கக்கூடாது. அதன் பிசுக்கும் கோடு போடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, கட்டிட நிழலில், மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்றோம். நான் வரிகளை இந்தியில் படிக்க, அவர் செய்தார். முதலில் பழைய கோடுகள். ஒரு துணியில் சீலன்டைச் சிறிது தெளித்து, கோடு உள்ள இடத்தில் தடவியதும் பழைய பூச்சு இளகியது. உடனே உலர்ந்த துணியால் துடைத்ததும் போய்விட்டது. நாட்கள் கடந்து இறுகிப்போயிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தெடுத்து, புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

பிறகு புதுப் பூச்சு. பானெட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார். வண்டியின்மேல் தெளிக்காமல், மடித்த துணியின்மேல் இரண்டு முறை அழுத்தினார். ஒரே திசையில் பரப்பினார். அது உலர்வதற்குள் இரண்டாவது துணியை எடுத்து, சுத்தமான பக்கத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். பூசியது அரை நிமிடம், துடைத்தது இரண்டு நிமிடம். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். ஒரு கோடு இல்லை. பானெட்டில் எதிர்க் கட்டிடத்துப் பால்கனியும் அதில் காயும் புடவையும் தெரிந்தன. முழு வண்டிக்கும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று.

மூன்றாவது மாடிக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "இதை ஆறு நிமிடத்தில் செய்திருக்க முடியாது" என்று அவராகவே சொன்னார். இருநூறு ரூபாய் பிடித்தம் கைவிடப்பட்டது. இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு பகலில், தனிக் கூலி என்று முடிவாயிற்று.

2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, அளவு, விலை, தயாரிப்பாளர் முகவரி முதலிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிடப்பட்டிருந்தால் போதும். பெரும்பாலும் ஆங்கிலமே அமைகிறது. பயன்படுத்தும் முறையும் அதே மொழியில் பின்தொடர்கிறது. பணம் கொடுத்து வாங்குபவர் அதைப் படிக்க முடியும், ஆனால் படிப்பதில்லை. கையில் எடுத்து வேலை செய்பவர் படிக்க விரும்பினாலும் முடியாது. கோடு விழுந்தால் கேள்வி கேட்கப்படுபவர் இந்த இரண்டாமவர்தான்.

அந்த ஆறு வரிகளையும் இந்தியில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, புட்டியைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தேன். ஐந்தாவது வரியில் "கொஞ்சம்" என்பதை மட்டும் இரண்டு முறை எழுதினேன். மூலத்தில் ஒரு முறைதான் இருந்தது.