சிப்பாயின் குடக்கூலி வீடு

சென்ற மாதம் ஒரு நாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது, நம் வீட்டு வாசலில் கைக்குழந்தையுடன் ஒரு பெண் காத்திருந்தாள். பல வருஷங்களுக்கு முன் நம்மிடம் வாசித்த மாணவன் ஒருவனின் மனைவி அவள். அவன் இப்போது ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறான்.

"ஸார், அவரை எல்லைப்புறத்துக்கு மாற்றிவிட்டார்கள். குடும்பத்தை அங்கே அழைத்துப் போக முடியாதாம். நான் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமென்றால், வீட்டுக்காரர் பாக்கி நாலு மாத வாடகையையும் அட்வான்ஸில் பிடித்துக் கொள்வேன் என்கிறார். இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டு, பத்திரத்தை நீட்டினாள்.

வாசித்துப் பார்த்தோம். பதினொரு மாத ஒப்பந்தம்; ஏழு மாதம் கழிந்திருந்தது. கெடுவுக்குமுன் காலி செய்தால் எஞ்சிய மாதங்களின் வாடகையைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து ஸ்பஷ்டமாக இருந்தது. கீழே நம் மாணவனின் கையெழுத்து. பள்ளியில் எழுதிய அதே கோணல் எழுத்து!

அவள் கேட்ட சட்டம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருக்கிறது. அது உண்டான வரலாறு அறியத்தக்கது. முதல் மகாயுத்தத்தின்போது, 1918-ஆம் வருஷம், போர்முனைக்குப் போனவர்களைக் கடன்காரர்களும் வழக்குகளும் துரத்தாதபடி காக்க அந்நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். அதை வகுப்பதில் முக்கிய பங்கு கொண்டவர் ஜான் விக்மோர் என்னும் சட்ட அறிஞர். யுத்தம் ஓய்ந்ததும் அச்சட்டம் காலாவதியாயிற்று. 1940-இல் மீண்டும் அதைக் கொணர்ந்தார்கள். 1942 அக்டோபரில் செய்த திருத்தத்தினால், சேனையில் சேருகிறவன் தான் முன்பே எடுத்திருந்த வாடகை வீட்டை விட்டுவிடலாம் என்ற உரிமை ஏற்பட்டது.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. சேனையில் சேர்ந்த பிறகு வீடு எடுத்து, அப்பால் மாற்றலாகிறவனுக்கு அந்தச் சட்டம் உதவவில்லை. அவன் வீட்டுக்காரரைக் கெஞ்சி, 'ராணுவ ஷரத்து' ஒன்றைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டியிருந்தது. 2003 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டந்தான் இக்குறையைப் போக்கிற்று. நிரந்தர இடமாற்ற உத்தரவு வந்தாலும், தொண்ணூறு நாளுக்குக் குறையாமல் வேற்றிடத்தில் படைப்பணி செய்யும்படி உத்தரவு வந்தாலும் ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ளலாம்.

முறையும் எளிதே. எழுத்து மூலமான நோட்டீஸுடன் உத்தரவின் பிரதியை இணைத்து வீட்டுக்காரரிடம் நேரில் கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டுடன் கூடிய தபாலிலும் அனுப்பலாம். மாத வாடகையானால், நோட்டீஸ் சேர்ந்த பின் வரும் அடுத்த வாடகைத் தேதியிலிருந்து முப்பது நாள் கழித்து ஒப்பந்தம் முடிவடையும். உதாரணமாக, வாடகை ஒன்றாந்தேதி கொடுக்கப்படுவது. நோட்டீஸ் அக்டோபர் 18-ந் தேதி சேர்ந்தது என்று கொள்வோம். அடுத்த வாடகைத் தேதி நவம்பர் 1; ஒப்பந்தம் முடிவது டிசம்பர் 1. அதுவரை வாடகை கொடுத்தே தீர வேண்டும். அதற்கு மேல் முன்கூட்டி விலகியதற்காக அபராதம் வாங்கக் கூடாது. முன்பணமாகக் கொடுத்த வாடகையில் மிகுதி இருந்தால் முப்பது நாளுக்குள் திருப்ப வேண்டும். வீட்டுக்குச் செய்த சேதத்திற்கு மட்டும் குடியிருந்தவர் பொறுப்பு. சிப்பாய் விலகினால், அதே ஒப்பந்தத்தில் அவன் மனைவிக்குள்ள பொறுப்பும் ஒழியும். பணியிலேயே அவன் உயிர் நீத்தால், மனைவி ஒரு வருஷத்துக்குள் ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ளலாம் என்று பிற்பாடு, 2018-இல், ஓர் ஏற்பாடும் சேர்த்தார்கள்.

வீட்டுக்காரருக்கு இது அநீதியல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேசத்தின் பாதுகாப்புச் செலவை ஒரு தனி மனிதர் தலையில் கட்டுவது தருமமாகாது. அந்த முப்பது நாள் ஏற்பாடு இதை உணர்ந்து செய்யப்பட்டதென்றே நாம் கருதுகிறோம். புதிய குடித்தனக்காரரைத் தேட வீட்டுக்காரருக்கு அவகாசம் கிடைக்கிறது. சிப்பாயும் காலியான வீட்டுக்கு மாதக்கணக்கில் வாடகை அழ வேண்டியதில்லை. நஷ்டத்தை இருவரும் பகிர்ந்து கொள்கிறார்கள்.

நம் நாட்டு நிலைமை வேறு. 1925-ஆம் வருஷத்துச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம், போர்ச் சேவையிலிருப்பவன் கோர்ட்டுக்கு வர இயலாதபோது வழக்கைத் தள்ளிவைக்க வழி செய்கிறது. டில்லி வாடகைச் சட்டத்தில் 1988-இல் செய்த திருத்தம், ஓய்வு பெற்று வரும் படைவீரன் தன் சொந்த வீட்டை விரைவில் திரும்பப் பெற உதவுகிறது. வழக்காடும் சிப்பாயையும் வீட்டுக்காரச் சிப்பாயையும் நினைத்த சட்டம், வாடகைக்கு இருக்கும் சிப்பாயை மறந்துவிட்டது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, மாத வாடகைக் குடியிருப்புக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் ஒப்பந்தமே மேலோங்கும்.

எனினும், நாலு மாத வாடகையும் வீட்டுக்காரருக்குச் சேர்ந்துவிட்டதென்று பொருளல்ல. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டால் நியாயமான நஷ்ட ஈடே கிடைக்கும் என்கிறது. பத்திரத்தில் குறித்த தொகை அதற்கு உச்ச வரம்புதான். அடுத்த மாதமே வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டால், நாலு மாத நஷ்டம் எங்கிருந்து வரும்?

இதைச் சொல்லத்தான் அவளுடன் வீட்டுக்காரரிடம் போனோம். கொடியவர் ஒருவரை எதிர்பார்த்துப் போன நாம் கண்டது, அந்த வாடகையைக் கொண்டே மருந்து வாங்கும் ஒரு முதியவரை. "சட்டம் பேசி என்ன ஸார்! வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் நான் எங்கே போவேன்?" என்றார். நாம் சட்டத்தை மடித்து வைத்துவிட்டு, அந்த அமெரிக்க முப்பது நாள் கணக்கை எடுத்துச் சொன்னோம். சிறிது யோசித்து ஒப்புக்கொண்டார். ஒரு மாத வாடகையும் வெள்ளையடிக்கும் செலவும் போக மீதியைக் கொடுத்தார். அவளுக்கு நஷ்டம் இல்லாமற் போகவில்லை. தாங்கக் கூடிய நஷ்டமாயிற்று.

எல்லா வீட்டுக்காரரும் அப்படி இணங்கமாட்டார்கள். ஆகையால், சேனையில் பிள்ளையையோ மருமகனையோ உடைய நேயர்களுக்கு ஒன்று சொல்வோம். வீடு எடுக்கும்போதே, 'இடமாற்ற உத்தரவு வந்தால் அதன் பிரதியுடன் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, மேற்கொண்டு ஈடு எதுவுமின்றிக் காலி செய்யலாம்' என்று ஒரு வரியைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் அந்த வரியைக் கேட்பது சுலபம். பின்னால் கேட்பது யாசகம்.

சட்டசபைகளில் அமர்ந்திருப்போருக்கும் அதே வேண்டுகோள்தான். நோட்டீஸ் கொடுக்கச் சிப்பாய்க்குக் கிடைக்காத அவகாசத்தைச் சட்டம் கொடுக்கட்டும். புறப்படும் உத்தரவு அவனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.